செயலி குறித்து வைக்கும், இரத்தத்தை அளக்காது

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. இந்தியர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு. அதனால் பாட்டியின் கைப்பேசியில் நீரிழிவுச் செயலி இருப்பதில் வியப்பில்லை. மாணவர்களே, அதைப் பதிவிறக்கித் தருவது பெரும்பாலும் நீங்கள்தானே!

குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணைக் குறித்து வைக்கவும் மாத்திரை நேரத்தை நினைவூட்டவும் செயலி நல்ல துணை. ஒரு மாத அளவுகளை வரைபடமாக்கித் தந்தால் கிளினிக்கில் மருத்துவருக்கும் எளிது. நோட்டுப் புத்தகம் இதைச் செய்யாது.

ஆனால், கேமராவில் விரலை வைத்தாலே சர்க்கரை அளவைச் சொல்வதாகக் கூறும் செயலியை நம்பாதீர்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் விரலில் இரத்தம் கூடிக் குறைவதால், கேமரா நாடித்துடிப்பை எண்ணிவிடும். குளுக்கோஸ் அப்படிக் கேமராவுக்குத் தெரியாது. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் கைக்கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. பொய்யான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால், சர்க்கரை சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உணவுக் கணக்கு வேறு தொல்லை. பினாங்கு நாசி கண்டாரில் எத்தனை கரண்டிச் சோறு, எத்தனை வகைக் குழம்பு என்று செயலிக்கு எப்படித் தெரியும்? பாட்டியிடம் கேட்டு நீங்கள்தான் பதிய வேண்டும், தே தாரிக்கில் ஊற்றிய கெட்டிப்பாலையும் சேர்த்து.