கைப்பம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்

டொனால்டு குரோஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் மின்னணுக் கருவிகளில் வல்லவர். உலகைச் சுற்றிவரும் பாய்மரப் படகுப் போட்டிக்காக 1968 அக்டோபர் 31இல் இங்கிலாந்திலிருந்து தன்னந்தனியே புறப்பட்டார். சில நாட்களிலேயே படகில் நீர் புகுந்தது. பம்பு இருந்தது; அதற்குரிய குழாயோ கரையிலேயே தங்கிவிட்டது! வாளியால் மொண்டு ஊற்ற நேர்ந்தது. 1969 ஜூலையில் ஆளில்லாத படகு மட்டுமே கிடைத்தது. அம்முடிவுக்குக் காரணங்கள் பல. எனினும் அந்தக் குழாய் நமக்கு ஒரு பாடம்.

எந்தப் பம்பை வாங்குவது என்பதைவிட, அதை எப்படி வைத்திருப்பது என்பதே முக்கியம் என்பேன். ஏன்?

நீர்மட்டத்திற்கு 50 செ.மீ. கீழே, 4 செ.மீ. விட்டமுள்ள துளை ஒன்று விழுந்ததாகக் கொள்வோம். கணக்கிட்டால், நிமிடத்திற்குச் சுமார் 140 லிட்டர் நீர் உள்ளே பாயும். ஒரு வீச்சுக்கு ஒரு லிட்டர் இறைக்கும் கைப்பம்பை நிமிடத்திற்கு 40 முறை இயக்கினாலும் 40 லிட்டரே வெளியேறும். ஆகவே பம்பு கடலை வெல்லாது. மர ஆப்பால் துளையை அடைக்கும்வரை சில நிமிடங்களைத் தேடித் தரும், அவ்வளவே. அந்த நிமிடங்களைக் கைப்பிடியைத் தேடுவதில் இழக்கலாமா?

மின்பம்பு போதாதா என்று கேட்பீர்கள். மின்கலத்தை நீர் எட்டிவிட்டால் அது நின்றுபோகும்.

கைப்பம்புகளில் ரப்பர் சவ்வுள்ளதையே நான் விரும்புவேன். கைப்பிடியை இழுத்தால் சவ்வு விரிந்து உள்ளே அழுத்தம் குறைகிறது. காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. திரும்பத் தள்ளினால் ஒருவழி வால்வின் வழியே நீர் வெளியேறுகிறது. சிறு குப்பைகளையும் இது பெரும்பாலும் கடத்திவிடும். ஆயினும் வால்வில் ஒரு துணித்துண்டு சிக்கினால் வேலை கெடும். எனவே குழாயின் நுனியில் வடிகட்டி வேண்டும்.

ஆழ்கடல் போட்டிகளுக்கான சர்வதேச விதிகளும் இதையே வலியுறுத்துகின்றன. படகின் கதவுகளையெல்லாம் மூடிய நிலையிலும் பம்பை இயக்க முடிய வேண்டும். கைப்பிடி தவறிப் போகாதபடி கயிற்றாலோ கொக்கியாலோ பிணைத்திருக்க வேண்டும். இவற்றோடு மாதம் ஒருமுறை இயக்கிப் பார்ப்பதும், நன்னீரால் கழுவுவதும், ரப்பரை வெயிலும் எண்ணெயும் படாமல் காப்பதும் நல்லது.

மாணவர்களே! உங்கள் ஆய்வகத்துத் தீயணைப்பு வாளியில் மணல் இருக்கிறதா? அதன் முன்னே பெஞ்சுகள் அடுக்கப்பட்டுள்ளனவா? நாளையே பாருங்கள்.