மேட்டூரில் சோதித்துப் பார்க்கலாமே!

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று எங்கு போனாலும் லாரிப் பட்டறைகள்தான். டீசல் விலை ஏறினால் இந்த வீடுகளில் உலை கொதிப்பதே யோசனையாகிவிடுகிறது.

டீசலுக்கு மாற்று உண்டா? உண்டு என்கிறார்கள் விஞ்ஞானிகள். அதுதான் ஹைட்ரஜன் வாயு. ஹைட்ரஜனில் ஓடும் லாரிகளின் சோதனை ஓட்டம் 2025 மார்ச் மாதம் நம் நாட்டில் தொடங்கியது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ‘பசுமை ஹைட்ரஜன்’ தயாரிக்க வேண்டும் என்பது மத்திய அரசு 2023-ல் வகுத்த திட்டம்.

ஹைட்ரஜன் எங்கே கிடைக்கும்? தண்ணீரிலேயே இருக்கிறது! தண்ணீரில் இரண்டு உலோகத் தகடுகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஒரு தகட்டில் ஹைட்ரஜன் குமிழ் விடும். மற்றதில் ஆக்சிஜன் வரும்.

ஆனால் மின்சாரச் செலவு அதிகம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 யூனிட் மின்சாரம் வேண்டும். அதில் ஒரு பகுதி வீணாகச் சூடாகிப் போகிறது. அந்த வீணைக் குறைப்பது தகட்டின் கையில் இருக்கிறது.

எப்படி? தோசைக்கல்லை நினைத்துப் பாருங்கள். மாவு கல்லில் பிடிக்க வேண்டும். வெந்ததும் விட்டு வர வேண்டும். பிடிக்காவிட்டால் தோசை இல்லை. ஒட்டிக்கொண்டாலும் தோசை இல்லை! ஹைட்ரஜன் அணுவும் தகட்டில் அளவோடு ஒட்டி, வாயுவாகி, விட்டுப் போக வேண்டும்.

இதில் கெட்டிக்கார உலோகம் பிளாட்டினம். ஆனால் அதன் விலை ஆனை விலை! நிக்கல் மலிவு. ஒரு காலத்தில் நம் ஒரு ரூபாய் நாணயமே நிக்கலில்தான் வந்தது. ஆனால் நிக்கல் ஹைட்ரஜனைச் சற்று இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. அதோடு பாஸ்பரஸைச் சேர்த்தால் பிடி தளர்கிறது. கல்லில் எண்ணெய் தடவியதுபோல! தீப்பெட்டியின் பக்கவாட்டில் தடவியிருக்கிறதே, அதே பாஸ்பரஸ்தான்.

இந்தச் சேர்க்கை நன்றாக வேலை செய்யும் என்று 2005-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2013-ல் அங்கேயே செய்தும் காட்டினார்கள். நம் காரைக்குடியும் பின்தங்கவில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தினர், 2016-ல் இத்தகைய பாஸ்பரஸ் சேர்க்கைகளை அலசி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உலகமெங்கும் விஞ்ஞானிகள் அதைப் படிக்கிறார்கள்.

கட்டுரை மட்டும் போதுமா? கண்ணாடிக் குவளையில் சில நாள் உழைத்த தகடு, ஆலையில் பல ஆண்டு உழைக்குமா? பாஸ்பரஸ் கரைந்துவிடுமா? இதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

அதற்கு ஏற்ற இடம் மேட்டூர்! அணை 1934-ல் முடிந்தது. 1936-ல் மேட்டூர் கெமிக்கல் கம்பெனி தோன்றியது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா செய்யும் தொழில் இன்றும் மேட்டூரில் நடக்கிறது. அந்தத் தொழிலில் ஹைட்ரஜன் கூடவே வருகிறது. அந்தத் தொட்டிகளில் புதுத் தகடுகளை வைத்துப் பார்க்கலாம். வெற்றி பெற்றால் சோடாவுக்கும் மின்சாரம் மிச்சம், ஹைட்ரஜனுக்கும் வழி. காரைக்குடிக்கும் மேட்டூருக்கும் ஓர் இரவு லாரிப் பயணம்தான்!

ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது லிட்டர் தண்ணீராவது வேண்டும். காவிரித் தண்ணீரில் உழவர் பங்கு குறையக் கூடாது. ஆலைகளும் ஊர்களும் கழித்த நீரைச் சுத்தம் செய்து பயன்படுத்துவதே முறை.

சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும். ஆலைகள் கதவைத் திறக்க வேண்டும். சேலம், நாமக்கல் கல்லூரி மாணவர்களை அந்தச் சோதனையில் சேர்க்க வேண்டும். காரைக்குடியில் விளைந்த அறிவு கொங்கு நாட்டு லாரிக்காரர் வீட்டு அடுப்பையும் எரிய வைக்கட்டும்!