தெளிக்கும் முன் பார்க்க வேண்டும்

உருளைக்கிழங்கு இல்லாத பிரியாணியைக் கொல்கத்தா ஏற்பதில்லை. பவானிபூரின் ஜதுபாபு சந்தைக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் இதை நன்கு அறியும். வங்காளத்தில் அக்கிழங்கு மிகுதியாக விளைவது ஹூக்ளி, கிழக்கு பர்தமான் மாவட்டங்களில். குளிர்கால மூடுபனி நீடித்தால் அங்கே பின்பருவ இலைக்கருகல் நோய் விரைந்து பரவும். எந்த மூலையில் அது தொடங்கும் என்று தெரியாததால், உழவர்கள் வயல் முழுவதும் மருந்து தெளிக்கின்றனர்.

2023ஆம் ஆண்டு மத்திய அரசு ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்தை அறிவித்தது. ஏறத்தாழ 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு, உரமும் மருந்தும் தெளிக்கும் ட்ரோன்களை வழங்குவது அதன் நோக்கம். (தீதி என்றால் அக்கா என்று பவானிபூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.) திட்டம் நல்லதே. ஆயினும், தெளிக்கும் ட்ரோனுக்கு முன்பாகப் பார்க்கும் ட்ரோன் வயலுக்கு வர வேண்டும்.

பார்ப்பதற்கு உரியது பல்நிறமாலைக் கேமரா. நலமான இலை சிவப்பு ஒளியைப் பச்சையத்தால் உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும். இலை நலிந்தால் இவ்விரண்டின் அளவும் மாறும். பல வேளைகளில், இலை மஞ்சளாவதற்கு முன்பே அம்மாற்றம் படத்தில் தென்படும். இத்தகைய கேமராக்களுள் ஒன்றான செக்கோயாவின் எடை 72 கிராம். ஓர் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே மிகுதி.

செயற்கைக்கோள் போதாதா என்று சிலர் கேட்கலாம். 1988இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளின் ஒரு கேமராவில், 72.5 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலம் ஒரே புள்ளியாகத் தெரிந்தது. அது ஓர் ஏக்கரைவிடப் பெரிது. வங்காளத்துச் சிறு உழவரின் வயல் முழுவதும் அப்புள்ளிக்குள் அடங்கிவிடும்! இன்றைய செயற்கைக்கோள்கள் மிக நுட்பமானவை. ஆனால் மேகம் மறைத்தால் அவற்றின் கேமராக்களாலும் பார்க்க இயலாது. தாழப் பறக்கும் ட்ரோனோ சில சென்டிமீட்டர் அளவுள்ள இடத்தையும் பிரித்துக் காட்டும்.

இவ்வழியை இந்தியா புதிதாகக் கற்க வேண்டியதில்லை. சர் சி. வி. இராமனிடம் ஆய்வு செய்த பி. ஆர். பிஷரோட்டி, 1970ஆம் ஆண்டை ஒட்டிக் கேரளத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுக்கச் செய்தார். வாடல் நோய் கண்ட மரங்கள் அப்படங்களில் வேறுபட்டுத் தெரிந்தன. அன்று ஹெலிகாப்டர் செய்த பணியை இன்று கையில் தூக்கக்கூடிய கருவி செய்கிறது.

கேமராவிற்கும் எல்லை உண்டு. தண்ணீர்க் குறைவு, சத்துக் குறைவு, நோய் ஆகிய மூன்றும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். ‘இந்த இடத்தில் குறை உள்ளது’ என்பதைக் கேமரா கூறும். காரணத்தை உழவர்தாம் செடியைத் தொட்டுப் பார்த்து அறிய வேண்டும். நோய் வருமுன் தெளிக்கும் தடுப்பு மருந்தும் தேவையற்றதாகிவிடாது.

விலை சில லட்சம் ரூபாய் என்பது உண்மையான தடை. தனி உழவரால் அதனை வாங்க இயலாது, வாங்கவும் வேண்டியதில்லை. ஓர் ஊரின் வயல்களைப் பார்க்க ஒரு கேமரா போதும். தெளிக்கும் ட்ரோனுக்குத் தரும் மானியத்தைக் கூட்டுறவுச் சங்கத்தின் கேமராவிற்கும் அரசு தரலாம். நவம்பரில் கிழங்கு நடும்போதே கருவி ஊரில் இருந்தால், சனவரியில் மூடுபனி விலகிய முற்பகலிலேயே தீதிகள் அதனைப் பறக்கவிடுவர்.