நான் உங்கள் டாக்டர் ஹவுஸ் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். வாசிக்காமல் லைக் மட்டும் போட வேண்டாம், எனக்குத் தெரிந்துவிடும்!

சென்ற வாரம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், இன்று அவர் நல்ல மருத்துவர், என் பழைய படம் ஒன்றைப் போட்டு, "நம்ம சார்தான் நம்ம ஸ்கூலோட டாக்டர் ஹவுஸ்" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். தம்பி பாராட்டாகத்தான் சொன்னார், தெரியும். ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தொடரைப் பார்க்காத உறவினர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். 'ஹவுஸ்' என்பது அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2004 முதல் 2012 வரை வந்த மருத்துவத் தொடர். எட்டு சீசன், 177 எபிசோடு. நியூ ஜெர்சியில் ஒரு கற்பனை மருத்துவமனை. அதில் கிரெகரி ஹவுஸ் என்ற மருத்துவர், யாராலும் கண்டுபிடிக்க முடியாத நோயைக் கண்டுபிடிப்பார். ஷெர்லக் ஹோம்ஸை மனதில் வைத்து உருவாக்கிய பாத்திரம். அவர் வீட்டு எண்கூட 221பி. கால் ஊனம், கையில் தடி, வலிக்காக விழுங்கும் வைக்கோடின் மாத்திரைக்கு அடிமை. நோயாளியை நேரில் பார்க்கப் பிடிக்காது. எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பது அவருடைய கொள்கை. வாயைத் திறந்தால் யாரையாவது குத்தாமல் மூடமாட்டார். ஹ்யூ லாரி என்ற ஆங்கிலேய நடிகர் அந்த வேடத்தில் வாழ்ந்தே காட்டினார். நானும் ஓய்வுபெற்ற பிறகு முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன், விழுந்து விழுந்து சிரித்தேன். அதை மறைக்கவில்லை.

என் சண்டை அந்தப் பாத்திரத்தோடு இல்லை. அதைப் பார்த்துவிட்டு, "மேதைன்னா அப்படித்தான் இருப்பான்" என்று சொல்கிறவர்களோடுதான். "கறக்கிற மாடு உதைத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்பது அவர்கள் வாதம்.

முதல் விஷயம். ஹவுஸ் சரியான விடையைக் கண்டுபிடிப்பது கதாசிரியர் தயவால். ஒவ்வொரு எபிசோடிலும் அவர் முதலில் இரண்டு மூன்று முறை தவறாகக் கணிப்பார்; தவறான மருந்தால் நோயாளிக்கு இன்னும் மோசமாகும். கடைசிப் பத்து நிமிடத்தில், யாரோ சம்பந்தமில்லாமல் எதையோ பேசும்போது பொறி தட்டும். விடை எழுதிய பிறகு கணக்கைத் தயாரித்தால் எந்த மாணவனும் நூற்றுக்கு நூறுதான். நிஜ ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிப் பத்து நிமிடம் யாருக்கும் உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது. முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி ஒரு மழலையர் வகுப்பு ஆசிரியை. பாடம் நடத்தும்போதே பேச்சுக் குழறி விழுகிறார். ஹவுஸின் உதவியாளர்கள் அனுமதியில்லாமல் அவர் வீட்டுக்குள் நுழைந்து பார்க்கிறார்கள். அங்கே இருந்த பன்றி இறைச்சியை வைத்து, மூளையில் நாடாப்புழு என்று ஹவுஸ் கணிக்கிறார். கணிப்பு சரி. ஆனால் அதற்குள் தவறான சிகிச்சைகளால் களைத்துப்போன அந்த அம்மா, இனி ஆதாரமில்லாமல் எதுவும் வேண்டாம் என்கிறார். ஹவுஸே நேரில் போய்ப் பேசியும் மசியவில்லை. அப்போது சேஸ் என்ற இளம் மருத்துவர், தொடையை எக்ஸ்ரே எடுத்தால் அங்கேயும் புழு இருக்கலாமே என்கிறார். படத்தில் புழு தெரிகிறது. அந்த அம்மா கண்ணால் பார்க்கிறார், மாத்திரை சாப்பிடச் சம்மதிக்கிறார். நோயைக் கண்டுபிடித்தது மேதையின் மூளைதான். அவரைப் பிழைக்க வைத்தது, நோயாளி கேட்ட ஆதாரத்தை மதித்துக் கொண்டுவந்து காட்டிய வேலை. நாம் முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கைதட்டுகிறோம்.

மூன்றாவது. ஹவுஸின் கால் ஏன் போனது? முதல் சீசனில், 2005-ல் வந்த 'த்ரீ ஸ்டோரீஸ்' எபிசோடில் அவரே வகுப்பெடுக்கிறார். கால்வலியோடு வந்த மூன்று நோயாளிகளின் கதை. ஒருவர் அவரேதான் என்பது போகப்போகத் தெரியும். வலி என்று துடித்தவரை, போதை மருந்துக்காக நடிக்கிறார் என்று சந்தேகித்தார்கள். தசை செத்துக்கொண்டிருக்கிறது என்று கடைசியில் சொன்னது நோயாளியான அவரேதான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அதாவது, நோயாளியின் பேச்சை நம்பாத மருத்துவர்களால் ஊனமான ஒரு மனிதர், பிறகு எந்த நோயாளியின் பேச்சையும் நம்பாத மருத்துவராக இருக்கிறார். அந்த எபிசோடை எழுதிய டேவிட் ஷோருக்கு எம்மி விருது கிடைத்தது. அவருக்குப் புரிந்தது நம் ரசிகர்களுக்குப் புரியவில்லை.

நான்காவது, வாத்தியாராகிய எனக்கு முக்கியமானது. அது போதனா மருத்துவமனை. ஹவுஸ் ஓர் ஆசிரியரும்கூட. அவருடைய மாணவர்கள் என்ன ஆனார்கள்? ஃபோர்மன், நானும் உங்களைப் போல ஆகிவிடுவேனோ என்று பயந்து ராஜினாமா செய்தார். வேறு மருத்துவமனைக்குப் போய், ஹவுஸ் பாணியிலேயே விதியை மீறினார். நோயாளி பிழைத்தார், இவருக்கு வேலை போனது. சேஸ், கொடுங்கோலனான ஒரு நோயாளியைப் பரிசோதனை முடிவை மாற்றிச் சாகவிட்டார். அதைத் தெரிந்துகொண்ட கேமரன், பழியை ஹவுஸ் மேல் வைத்துவிட்டு வெளியேறினார். நண்பர் வில்சனின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு ஹவுஸ் மாத்திரை வாங்க, வில்சனின் வங்கிக் கணக்கு முடங்கியது, மருந்து எழுதும் உரிமையும் பறிபோனது. ஏழாவது சீசன் முடிவில் ஹவுஸ் காரை ஓட்டிக்கொண்டு போய்த் தன் முன்னாள் காதலியின் வீட்டுச் சுவரையே இடித்தார். மாடு உதைத்த கணக்கை யாராவது கூட்டிப் பார்த்தீர்களா?

"சார், அது கதை" என்பீர்கள். சரி, கதைக்கு வெளியே வருவோம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், இந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த 2008-லேயே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மிரட்டுவது, இழிவாகப் பேசுவது போன்ற நடத்தைகள் மருத்துவப் பிழைகளுக்கு வழிவகுக்கின்றன என்றது. பெரிய டாக்டர் எரிந்து விழுவார் என்று பயந்து, தப்பு நடப்பதைப் பார்த்தும் நர்ஸ் வாயை மூடிக்கொண்டால் உயிர் போவது நோயாளிக்கு. அடுத்த ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, நம் டில்லி உட்பட எட்டு நகரங்களில் நடந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு சரிபார்ப்புப் பட்டியலைப் பின்பற்றினார்கள். கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள எல்லோரும் பெயரும் பொறுப்பும் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதும் அதில் ஒன்று. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. இதற்கு ஒரு மேதையும் தேவைப்படவில்லை. வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரித்தபோது நோயாளியை முதலில் வைத்தார், மருத்துவரை இரண்டாவதாக வைத்தார், அருகிலிருந்து கவனிப்பவருக்கும் ஓர் இடம் கொடுத்தார். ஹவுஸ் ரசிகர்கள் மற்ற மூன்றையும் அழித்துவிட்டார்கள்.

இனி என் கதை. என் கிண்டல் உங்களுக்குப் பிடிக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். 'அடியாத மாடு படியாது' என்ற காலத்தில், நான் பிரம்பைத் தொட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். நாக்கு இருக்கும்போது பிரம்பு எதற்கு? ஒரு வருடம் பத்தாம் வகுப்பில், கடைசி பெஞ்சில் ஒரு பையன். கரும்பலகையில் 3 போட்டால் நோட்டில் 8 இருக்கும். எழுந்து சந்தேகம் கேட்டான். நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன், சிலருக்கு நினைவிருக்கும். வகுப்பே சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு தமிழ் அம்மா, அவன் கண்ணை இடுக்கிப் பார்ப்பதைக் கவனித்து, வீட்டில் சொல்லி, கண் டாக்டரிடம் அனுப்பினார். கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான், எண்கள் சரியாக வந்தன. ஆனால் அந்த வருடம் முழுவதும் என் வகுப்பில் அவன் மறுபடி ஒரு கேள்வி கேட்கவில்லை. நோயைச் சோம்பேறித்தனம் என்று கணித்தவன் நான். அவன் சொன்னதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நீங்கள் போட்ட சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சிரிப்புத்தான் கேட்டது. அவர் நம் குழுவில் இல்லை. அழைத்தும் சேரவில்லை என்று கேள்விப்பட்டேன். யாரும் இதை அவருக்கு அனுப்ப வேண்டாம். அவரைப் போய்ப் பார்க்க வேண்டியவன் நான்.

மருத்துவராக, மேலாளராக, ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்குத் திறமை இருப்பதால் உங்கள் நாக்கை மற்றவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்த நாக்கால்தான் திறமை வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக் காலை உங்கள் முன்னால் தயங்கித் தயங்கி ஒருவர் ஏதோ சொல்ல வருவார். முழுவதும் சொல்லவிடுங்கள்.

மறுத்துப் பேச நினைப்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதலாம். இந்த முறை கிண்டல் செய்ய மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்