மாத்தளைக்கு முன் மாத்தறை

இலங்கையின் 25 மாவட்டங்களின் பெயர்களையும் தமிழில் தட்டச்சுச் செய்து, பைத்தன் மொழியின் வரிசைப்படுத்தும் கட்டளைக்குக் கொடுத்தால், மாத்தறை முன்னும் மாத்தளை பின்னும் வரும். நெடுங்கணக்கில் ளகரம் 16ஆவது மெய், றகரம் 17ஆவது. ஆகவே மாத்தளைதான் முந்த வேண்டும். கணினி நெடுங்கணக்கைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு குறிக்கும் யூனிகோட் தந்த எண்ணையே பார்க்கிறது.

அந்த எண்களின் ஒழுங்கு தமிழை வைத்து வகுத்ததன்று. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை அடியொற்றி, 1991இல் யூனிகோட் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. தேவநாகரியே அதற்கு அச்சு. அதனால் னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும், ள, ழ இரண்டும் லகரத்துக்கும் வகரத்துக்கும் நடுவிலும் அமர்ந்தன. மெய்களுக்குப் பின்னர் வரவேண்டிய ஜகரம் சகரத்தை அடுத்து நிற்கிறது. இவற்றைவிடப் பெரிய சிக்கல் புள்ளி: உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பிந்திய எண் அதற்கு. க, கா, கி எல்லாம் போன பிறகே க் வருகிறது.

இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது. மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளைக் கொடுத்துப் பார்த்தால், அம்பன்கங்க கோறளை தொடங்கி வில்கமுவ வரை பட்டியல் சரியாகவே வரும். ஒவ்வொரு பெயருக்கும் முதலெழுத்து வேறு. ழ, ள, ற, ன தமிழில் சொல்லுக்கு முதலாக வருவதுமில்லை. ஊர்ப் பெயர்களுக்கு இறங்கியதும் குட்டு வெளிப்படும்: பல்லேபொலவுக்கு முன்னே பலாபத்வல வந்து நிற்கும். ல் என்பது லா-வுக்கு முந்தியது என்பதைச் சிறுபிள்ளையும் அறியும்.

ஒரே சொல்லின் எழுத்துகளை வரிசைப்படுத்தும்போது சேதம் இன்னும் மோசம். மாத்தளை என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறி. அப்படியே வரிசைப்படுத்தினால் த, த, ம, ள என்று மெய்வடிவங்கள் ஒருபுறம் திரள, காலும் ஐகாரக் குறியும் புள்ளியும் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். அது எழுத்தே அல்ல.

எனவே முதல் வேலை, குறிகளை எழுத்துகளாகச் சேர்ப்பது: மா, த், த, ளை. அதற்கும் முன் ஒரு துப்புரவு உண்டு. பல்லேபொலவின் ‘பொ’வை ஒற்றை ஒகரக் குறியாலும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாலும் எழுதலாம்; பார்வைக்கு ஒன்றே. என்எஃப்சி என்னும் இயல்பாக்கம் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும்.

அடுத்து ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்கு எண். உயிர்கள் 1 முதல் 12, ஆய்தம் 13. மெய்யின் இடத்தை 13ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, அதில் ஏறிய உயிரின் இடத்தையும் கூட்டினால் போதும். தனிமெய்க்கு உயிர் பூச்சியம். க் 14, னௌ 247. நம் 247 எழுத்துகளும் இடைவெளியின்றி அடங்கிவிடும் அழகான கணக்கு இது. மாத்தளையின் எழுத்துகள் 133, 92, 93, 218. வரிசைப்படுத்தினால் த், த, மா, ளை. றை 231 ஆதலால் மாத்தறை தானாகவே பின்னுக்குப் போகும். கிரந்த எழுத்துகளுக்கு 247க்கு மேல் எண் கொடுக்கலாம்.

இந்தக் கணக்கைக் கையால் எழுதாமல், ஐசியு போன்ற நூலகத்தில் தமிழுக்குரிய ஒப்பீட்டு விதிகளைக் கேட்டுப் பெறவும் முடியும். எந்த வழியானாலும், மாத்தளை–மாத்தறை, பல்லேபொல–பலாபத்வல என்ற இரண்டு சோடிகளை முதலில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஒன்று மெய்வரிசையையும் மற்றது புள்ளியையும் காட்டிக்கொடுக்கும்.