தாத்தா லென்ஸ்... பேரன் கேமரா!

உங்க வீட்டுப் பரண்லயோ, பெரியப்பா வீட்டு பீரோவிலோ தோல் உறை போட்ட ஃபிலிம் கேமரா ஒண்ணு தூங்கிட்டு இருக்கா? பழைய சாமான்காரர்கிட்ட போடறதுக்கு முன்னாடி, அதோட லென்ஸைத் திருகிப் பாருங்க. தனியா கழண்டு வந்தா, உங்களுக்கு ஜாக்பாட். கழலாத ரகம்னா, ஷோகேஸ்ல வெச்சு அழகு பாருங்க!

கழண்டு வந்த லென்ஸை இன்னிக்கு வர்ற டிஜிட்டல் கேமராவில் மாட்டலாம் பாஸ். மேஜிக் இல்லை, வெறும் மில்லிமீட்டர் கணக்கு. ஃபிலிம் எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள்ளே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடும். அதுக்கு இடம் விட்டு லென்ஸைத் தள்ளி வெச்சாங்க. நிகானில் அந்த இடைவெளி 46.5 மி.மீ., மரை போட்டுத் திருகுற 'எம்42' ரகத்தில் 45.46 மி.மீ. இப்போதைய மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சோனி ஈ-மவுன்ட்டில் இடைவெளி வெறும் 18 மி.மீ.! மிச்ச இடத்தை ஒரு உலோக வளையம் நிரப்பினா போதும். அதான் அடாப்டர். சாதா அடாப்டருக்குள்ளே லென்ஸும் இல்லை, சர்க்யூட்டும் இல்லை. மாட்டினதும் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்'ங்கிற செட்டிங்கை மெனுவில் தேடி ஆன் பண்ணிடுங்க.

வாங்கப் போறீங்களா? டார்ச் எடுத்துட்டுப் போங்க!

பழைய கேமரா கடையில் லென்ஸைக் கையில் கொடுத்தா, மூணு விஷயம் பாருங்க. டார்ச் வெளிச்சத்தை உள்ளே அடிங்க... நூலாம்படை மாதிரி ஏதாவது தெரிஞ்சா, அது பூஞ்சை. மரியாதையா திருப்பிக் கொடுத்துடுங்க. அபெர்ச்சர் வளையத்தைச் சுத்தும்போது உள்ளே தகடுகள் பிசுக்கு இல்லாம சுருங்கி விரியணும். ஃபோகஸ் வளையம் திக்காம திரும்பணும். வீட்டுக்கு வந்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வைங்க. சென்னைக் காத்துல இருக்கிற ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

ஆட்டோ ஃபோகஸ் இல்லாம தெருவுல எப்படி?

மயிலாப்பூர் மாட வீதியில் ஆட்டோ, மாடு, பூக்கூடை எல்லாம் ஒரே ஃப்ரேமில் ஓடும்போது வளையத்தைத் திருகிட்டு நின்னா கதை முடிஞ்சது. அதனால முன்கூட்டியே திருகி வெச்சுடணும். 28 மி.மீ. லென்ஸ், அபெர்ச்சர் எஃப்/8, தூரம் 3 மீட்டர். இப்படி செட் பண்ணிட்டா, ஏ.பி.எஸ்-சி சென்சார் கேமராவில் சுமார் 2 மீட்டர்ல இருந்து 7 மீட்டர் வரை இருக்கிற எல்லாமே ஷார்ப்! கேமராவைத் தூக்கு, அமுக்கு, அவ்வளவுதான். இதே கணக்கு 50 மி.மீ. லென்ஸில் 2.5-லிருந்து 3.7 மீட்டருக்குள் சுருங்கிடும். அதனால தெருவுக்கு 28-தான் தோஸ்த். ஷட்டரை 1/250-க்குக் கீழே இறக்காதீங்க. நடக்கிறவங்க ஆடிப் போயிடுவாங்க.

'இதெல்லாம் ஆகிற காரியமா?'ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு தகவல். ஆட்டோ ஃபோகஸ் கேமரா பரவலா கடைக்கு வந்ததே 1977-ல், கோனிகா மூலமா. அதுக்கு ரொம்ப முன்னாடியே தெருப்படங்களால் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வெச்சவர், ஃப்ரான்ஸ் நாட்டு ஹென்றி கார்ட்டியர் ப்ரெஸ்ஸான். 1950 ஏப்ரலில் ரமணர் மறைஞ்சப்போ நம்ம திருவண்ணாமலையில் கேமராவோடு இருந்தவர். அவர் கையில் இருந்த லைக்காவுக்குக் கண்ணும் விரலும்தான் ஃபோகஸ்!

எல்லாத்தையும்விட முக்கியம், அந்த 3 மீட்டர்!

200 மி.மீ. ஜூமை மாட்டிட்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒளிஞ்சு நின்னு, பூ கட்டுற அக்காவை 'க்ளிக்' பண்றது ஈஸி. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. நாம லைக்ஸ் அள்ளுவோம். ஆனா அந்த முகம் அவங்களோடது இல்லையா? உங்க அம்மா பஸ் ஸ்டாப்புல அசந்து தூங்குறதை எவனோ ஒருத்தன் எடுத்து ஊருக்கே காட்டினா சும்மா இருப்பீங்களா?

28 மி.மீ. போட்டா ஒளியவே முடியாது. 3 மீட்டர்ல நின்னாகணும். அவங்க உங்களைப் பார்ப்பாங்க. சிரிக்கலாம், முகத்தைத் திருப்பிக்கலாம், 'எதுக்குப்பா எடுக்கிற?'ன்னு கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் வெச்சிருந்தா மட்டும் எடுங்க. 'வேணாம்'னா வேணாம்தான், எடுத்திருந்தா அவங்க கண் முன்னாடியே அழிச்சிடுங்க. சின்னப் பசங்கன்னா வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்காம கேமராவைத் தூக்கவே கூடாது. 'வேணாம்'னு சொல்ல அவங்களுக்கு ஒரு சான்ஸ் கொடுக்குது பாருங்க, அதுக்காகவே இந்தப் பழைய லென்ஸுக்கு ஒரு ஓ போடலாம்!

இந்த வார ஹோம்வொர்க்: கேமராவே வேணாம். 3 மீட்டர்ங்கிறது சுமாரா நாலு எட்டு. கேன்டீன் வாசல், பஸ் ஸ்டாப், டீக்கடைன்னு போற இடமெல்லாம் நாலு எட்டு தூரத்தைக் கண்ணால அளந்து, அப்புறம் நடந்து சரிபாருங்க. ஒரு வாரத்துல கண்ணே ஸ்கேல் ஆகிடும். அப்புறமா லென்ஸை மாட்டிக்கிட்டுப் போய், 'அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?'ன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம் மக்களே!