எச்சரிக்கைப் படம்

நெல்லை மாநகரில், பாளையங்கோட்டைக்கு மேற்கே அமைந்த ஊர் மேலப்பாளையம். முன்னாளில் நெசவுக்குப் பெயர் பெற்றிருந்த அவ்வூரில், பின்னர்ப் பீடி சுற்றுதல் பெருந்தொழிலாயிற்று. மகளிர் பலர் வீட்டிலிருந்தவாறே இலையை நறுக்கி, புகையிலைத் தூளை இட்டுச் சுருட்டி, நூலால் கட்டிக் குடும்பம் காக்கின்றனர். அவ்வாறு சுற்றப்பெறும் பீடிக் கட்டின் மேலுறையில், புகையிலையால் விளையும் நோயைக் காட்டும் படம் இன்று அச்சிடப்பெறுகின்றது. அப்படம் வேண்டுமா, வேண்டாவா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

உலகில் முதன்முதலாகக் கனடா நாடு 2001-ஆம் ஆண்டில் சிகரெட்டுப் பெட்டிகளின்மீது இத்தகைய படங்களைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2009 மே 31 முதல் அவை இடம்பெற்றன. தொடக்கத்தில் முன்புறத்தில் மட்டும் 40 விழுக்காடாக இருந்த எச்சரிக்கை, 2016 ஏப்ரல் 1 முதல் இருபுறமும் 85 விழுக்காடாக விரிந்தது. பீடியும் படஎச்சரிக்கைக்கு விலக்கன்று.

படத்தை மறுப்போர் மூன்று காரணங்கள் கூறுவர். நாள்தோறும் காணும் படம் நாளடைவில் உள்ளத்தில் உறைக்காது என்பது ஒன்று. கட்டாக வாங்காமல் ஒன்றிரண்டாக வாங்குவோன் அதனைக் காண்பதேயில்லை என்பது மற்றொன்று. விற்பனை குறைந்தால் ஏழை மகளிரின் அடுப்பு அணையும் என்பது மூன்றாவது.

முதற்காரணத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆதலின் படங்கள் அவ்வப்போது மாற்றப்பெறுகின்றன. 2016-17-இல் மைய அரசு மேற்கொண்ட கணக்கெடுப்பில், பீடி புகைப்போருள் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேர் எச்சரிக்கையைக் கண்டு அப்பழக்கத்தை விட எண்ணியதாகக் கூறினர். எண்ணுதல் வேறு, விடுதல் வேறு; எனினும், எண்ணாதவன் விடுவதில்லை. எண்ணியவனுக்குத் துணையாக, உதவி பெறுதற்குரிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் 2018 செப்டம்பர் 1 முதல் உறையில் இடம்பெற்றது.

இரண்டாவது காரணம் சில்லறை விற்பனையின் குறையைக் காட்டுகின்றதேயன்றிப் படத்தின் குறையைக் காட்டவில்லை. பீடியைப் பெரிதும் நாடுவோர் உழைக்கும் ஏழை மக்கள். அவருள் எழுத்தறியாதார்க்கு எழுத்து ஊமை, படமோ பேசும்.

மூன்றாவது காரணமே மிகவும் கனமுடையது. ஒருவர் நுரையீரலைக் கெடுத்து மற்றொருவர் வயிற்றை நிரப்புதல் அறமாகாது. ஆயினும், நாளெல்லாம் புகையிலைத் தூளின் நடுவே உழைக்கும் பெண்ணிடம் குற்றம் யாதுமில்லை. அவள் உடல்நலமும் அத்தூளால் கெடுகின்றது. 2004-ஆம் ஆண்டில் இந்தியா ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, உறைமீது எச்சரிக்கையை வேண்டுவதோடு, புகையிலைத் தொழிலாளர்க்கு மாற்றுத் தொழிலையும் வேண்டுகின்றது. ஆகவே, படத்தை நீக்குதல் அவளுக்குச் செய்யும் உதவியன்று. வேறு தொழில் தருதலே உதவியாகும்.

புகைப்போனுக்கு எச்சரிக்கை, சுற்றுவோளுக்கு நற்றொழில். இவற்றுள் ஒன்றைச் செய்து மற்றொன்றை மறத்தல் பாதிக் கடமையே. நெசவிலிருந்து பீடிக்கு வந்த ஊர், பீடியிலிருந்து பிறிதொரு தொழிலுக்குச் செல்லவும் இயலும். அதற்கு வழியமைத்தல் அரசுக்கும் சமுதாயத்திற்கும் உரிய பொறுப்பாகும்.